மலையில் ஒரு சிறு கிளஸ்டர்: பழைய கணினிகளில் எம்பிஐ நிரல்களை நிறுவி இயக்க முழுமையான வழிகாட்டி

நீலகிரியின் கல்லூரிகளில் கணினி ஆய்வுக்கூடத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம், நான்கு கோர் கொண்ட பழைய மேசைக் கணினிகள் ஏதோ ஒரு மூலையில் அடுக்கி வைக்கப்படுகின்றன. அவை தனித்தனியே மெதுவானவைதான். ஆனால் எட்டை ஒரு ஸ்விட்சில் இணைத்தால் 32 கோர்கள் கிடைக்கும், பட்டப்படிப்பு ஆய்வுக்குத் தேவையான கணக்குகள் பலவற்றுக்கு அதுவே போதும். அந்த எட்டையும் ஒரே கணக்கில் ஈடுபடுத்தி, ஒன்றுக்கொன்று தரவைச் செய்தியாக அனுப்பிக்கொள்ளச் செய்யும் பொது நெறிமுறைதான் எம்பிஐ. இதன் முதல் பதிப்பு 1994இல் வெளியானது. அதே ஆண்டில் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும், கடையில் கிடைக்கும் 486 கணினிகள் 16ஐ ஈதர்நெட்டால் இணைத்து பியோவுல்ஃப் என்ற கிளஸ்டரை அமைத்தார்கள். நாம் செய்யப்போவதும் அவர்கள் வகுத்த அதே வழியைத்தான்.

இந்த வழிகாட்டி உபுண்டு அல்லது டெபியன் இயங்குதளத்தையும் ஓப்பன் எம்பிஐ தொகுப்பையும் அடிப்படையாகக் கொண்டது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. சிறு கிளஸ்டரில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, எட்டில் ஏதோ ஒன்று மற்ற ஏழைப்போல் இல்லாததால் வருபவை. பயனர் எண், கோப்புறைப் பாதை, மென்பொருள் பதிப்பு, கடிகாரம், கேபிள் ஆகிய அனைத்தும் எட்டிலும் ஒரே மாதிரி இருக்கும்படி செய்துவிட்டால் மீதி வேலை எளிது.

முதலில், இந்தக் கணக்குக்கு எம்பிஐ தேவையா?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இப்போது எண்ணிம வடிவில் கிடைக்கின்றன. அவற்றில் கரும்புள்ளிகளை எண்ண ஒருவர் நிரல் எழுதினால், ஒரு நாளின் படத்துக்கும் அடுத்த நாளின் படத்துக்கும் கணக்கில் எந்தத் தொடர்பும் இராது. படங்களை எட்டுப் பங்காகப் பிரித்து, எட்டுக் கணினிகளிலும் ஒரே நிரலைத் தனித்தனியே ஓடவிட்டால் போதும். அதற்கு எம்பிஐ கற்பது வீண் உழைப்பு.

மழைநீர் ஓட்டக் கணக்கு அப்படிப்பட்டதன்று. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய மழை சரிவுகளில் எப்படி வழிந்தோடும் என்று கணக்கிட, நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நீர்மட்டத்தையும் அதன் அண்டைக் கட்டங்களின் நீர்மட்டத்தைக் கொண்டு ஒவ்வொரு காலப் படியிலும் புதுப்பிக்க வேண்டும். ஒரு கணினியின் பகுதி முடியும் இடத்தில் அடுத்த கணினியின் பகுதி தொடங்குவதால், எல்லையிலுள்ள மதிப்புகளை இரண்டும் ஒவ்வொரு படியிலும் பரிமாறிக்கொண்டாக வேண்டும். இங்கேதான் எம்பிஐ இன்றியமையாததாகிறது. இந்தக் கணக்கையே கடைசி வரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விண்கல ரேடார் அளவீட்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு ஏறத்தாழ 30 மீட்டர் இடைவெளி கொண்டது. மாவட்டத்தைச் சுற்றி 2,900 நெடுவரிசை, 1,920 கிடைவரிசை கொண்ட ஒரு செவ்வகத்தை எடுத்தால் மொத்தம் ஏறத்தாழ 56 லட்சம் கட்டங்கள் வரும்.

அறையும் மின்சாரமும்

மலையில் குளிர்சாதனச் செலவு இல்லை என்பது உண்மைதான். ஆயினும் உதகையின் உயரமான ஏறத்தாழ 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுழலும் விசிறி அங்கே குறைவான வெப்பத்தையே வெளியேற்றும். எனவே விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் படிந்த தூசியை ஊதி நீக்குவதும், காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுவதும் முதல் வேலை.

குளிரைவிடப் பெரிய பகை ஈரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடுபனி சன்னல் வழியே உள்ளே வரும் அறையில், அணைத்து வைத்த கணினியின் குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டாலேயே உலர்ந்திருக்கும். நெடுநாள் அணைத்து வைத்த கணினியை அறை உலர்ந்த பிறகே இயக்க வேண்டும். தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைப்பதும் அவசியம்.

எட்டுக்கும் பெரிய யூபிஎஸ் வாங்கப் பணம் இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டால், கோப்புகளை வைத்து மற்ற ஏழு துணைக் கணினிகளுக்கும் பகிரும் தலைமைக் கணினிக்கும் ஸ்விட்சுக்கும் மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் போதும் என்பது என் கருத்து. துணைக் கணினிகள் திடீரென்று அணைந்தாலும் கணக்கு இழப்பாகாமல் காக்கும் வழி இறுதியில் வருகிறது. ஒவ்வொரு கணினியின் பயாஸ் அமைப்பிலும், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி மாற்றிவிட வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள நாணய பேட்டரியையும் அப்போதே புதிதாகப் போட்டுவிட வேண்டும். அது செத்திருந்தால், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கணினி பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியோடு விழித்தெழும்.

கேபிளும் ஸ்விட்சும்

எட்டுப் போர்ட் கொண்ட கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்குங்கள். வெளியுலக இணைப்புக்கு ஒரு போர்ட் தேவைப்படும் என்றால் 16 போர்ட் கொண்டதை வாங்குங்கள். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஏன் உதவாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஒரு கிடைவரிசையில் 2,900 மதிப்புகள். ஒவ்வொன்றும் 8 பைட். ஆக ஓர் எல்லை வரிசை 23,200 பைட். மேலும் கீழுமாக இரண்டு எல்லைகளை ஒரு கணினி ஒவ்வொரு படியிலும் அனுப்ப வேண்டும். கிகாபிட் இணைப்பில் அதற்கு ஏறத்தாழ 0.4 மில்லிவிநாடியும், 100 மெகாபிட்டில் ஏறத்தாழ 4 மில்லிவிநாடியும் ஆகும். ஒரு படிக்கான கணிப்பு 2 மில்லிவிநாடியில் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் நிலையில் செய்திப் பரிமாற்றம் சிறு செலவு; இரண்டாம் நிலையில் கணினிகள் கணிப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம்.

ஸ்விட்ச் கிகாபிட்டாக இருந்தும் இதே தொல்லை வேறு வழியில் நுழையும். கிகாபிட் ஈதர்நெட்டுக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடியே போதும். எலி கடித்தோ, ஈரத்தில் இணைப்பான் களிம்பேறியோ ஒரு சோடி கெட்டுவிட்டால், அந்த இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமின்றி 100க்கு இறங்கிவிடும் வாய்ப்புண்டு. எல்லாம் ஓடும், ஆனால் ஒவ்வொரு படியிலும் அண்டைக் கணினிகள் அதற்காகக் காத்திருக்கும், அவற்றுக்காக அவற்றின் அண்டைகள் காத்திருக்கும், முடிவில் எட்டும் அந்த ஒன்றின் வேகத்துக்கு இறங்கிவிடும். பல ஸ்விட்சுகளில் அந்தப் போர்ட்டின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிவதைக் காணலாம். ஒவ்வொரு கணினியிலும் ஈத்டூல் கட்டளையை இயக்கி, வேகம் 1000 என்றே வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஐபெர்ஃப்3 கொண்டு இரண்டிரண்டு கணினிகளுக்கு இடையே உண்மையான வேகத்தை அளந்துகொள்ளுங்கள். விநாடிக்கு 930 மெகாபிட்டை ஒட்டி வந்தால் கேபிள் நலமாக உள்ளது.

எட்டையும் ஒன்றாக்குதல்

எட்டிலும் ஒரே இயங்குதளப் பதிப்பை நிறுவி, நிலையான முகவரிகளைக் கொடுங்கள். தலைமைக் கணினிக்கு 192.168.50.1 என்றும், மற்றவற்றுக்கு 192.168.50.2 முதல் 8 வரையும் வைத்துக்கொள்வோம். தலைமைக்குத் தொட்டபெட்டா என்று பெயரிடலாம். மற்றவற்றுக்கும் பைக்காரா, எமரால்டு என்று அணைகளின் பெயர்களை வைக்கும் ஆசை வரும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஏழு கணினிகளிலும் ஒரே கட்டளையைச் சுழற்சியில் ஓட்ட வேண்டிய நாளில் குந்தா2, குந்தா3 என்ற எண் வரிசைதான் கைகொடுக்கும்.

இந்தப் பெயர்களையும் முகவரிகளையும் எட்டிலும் ஈடிசி கோப்புறையின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதுங்கள். டெபியனும் உபுண்டுவும் அந்தக் கோப்பில் கணினியின் சொந்தப் பெயரை 127.0.1.1 என்ற முகவரியோடு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும். அந்த வரியை நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால், கணினி தன் முகவரியாக மற்றவர்களுக்கு இதை அறிவித்துவிடும். அவர்கள் அந்த முகவரியைத் தேடித் தங்களுக்குள்ளேயே போய் நிற்பார்கள்.

அடுத்து எட்டிலும் ஒரே பெயரில் ஒரு பயனரை உருவாக்குங்கள். பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது, பயனர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏனெனில் பகிரப்படும் கோப்புறையின் உரிமையை, வலைவழிக் கோப்புப் பகிர்வு முறையான என்எஃப்எஸ் பொதுவாக எண்ணை வைத்தே தீர்மானிக்கிறது. தலைமைக் கணினியில் என்எஃப்எஸ் சர்வரை நிறுவி, அந்தப் பயனரின் ஹோம் கோப்புறையை 192.168.50.0/24 வலைக்கு மட்டும் எழுதும் உரிமையோடு பகிர்ந்து, மற்ற ஏழிலும் அதே பாதையில் இணையுங்கள். துவக்கத்தில் இணைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், இணைப்பு கிடைக்காவிட்டாலும் துவக்கத்தைத் தொடரச் செய்யும் நோஃபெயில் விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். மின்சாரம் திரும்பும்போது எட்டும் ஒரே நேரத்தில் விழிப்பதால், தலைமை தயாராகும் முன்பே துணைக் கணினிகள் கோப்புறையைத் தேடித் துவக்கத்திலேயே நின்றுவிடக்கூடும். தானியங்கி இணைப்பு முறையைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

கடவுச்சொல் கேட்காமல் உள்நுழைய, எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையால் ஒரு சாவியை உருவாக்கி, எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி கட்டளையால் பதிந்துகொள்ளுங்கள். ஹோம் கோப்புறை பொதுவானது என்பதால் ஒருமுறை பதிந்தாலே எட்டுக்கும் பொருந்தும். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை கையால் உள்நுழைந்து, முதன்முறை கேட்கப்படும் கேள்விக்கு ஆம் என்று விடையளித்துவிடுங்கள். இல்லையேல், நிரலை எல்லாக் கணினிகளிலும் துவக்கும் எம்பிஐரன் கட்டளை அந்தக் கேள்வியிலேயே சிக்கிக்கொள்ளும். கடிகாரங்களை ஒத்திசைக்கக் க்ரோனி தொகுப்பை நிறுவி, ஏழையும் தலைமைக் கணினியின் நேரத்தைப் பின்பற்றச் செய்யுங்கள். இணைய இணைப்பு அறுந்த நாள்களிலும் எட்டும் ஒரே நேரம் காட்டும்.

எம்பிஐயை நிறுவிச் சோதித்தல்

எட்டிலும் ஓப்பன்எம்பிஐ-பின், லிப்ஓப்பன்எம்பிஐ-டெவ் ஆகிய இரண்டு தொகுப்புகளையும் ஒரே பதிப்பில் நிறுவுங்கள். எம்பிச் என்ற இன்னொரு தொகுப்பும் தரமானதுதான்; ஆனால் இரண்டையும் ஒரே கணினியில் கலந்து வைக்காதீர்கள். கலந்துவிட்டதற்கான அறிகுறி ஒன்று உண்டு: 30 பிராசஸ் (ஒரே நேரத்தில் ஓடும் நிரலின் பிரதிகள்) கேட்டு இயக்கிய நிரலில் ஒவ்வொரு பிராசஸும் தன் எண் 0, மொத்தம் 1 என்று அச்சிடும். ஒரு தொகுப்பின் கம்பைலரால் உருவான நிரலை மற்றதன் எம்பிஐரன் இயக்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

ஹோம் கோப்புறையில் ஹோஸ்ட்கள் பட்டியலாக ஒரு கோப்பை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதில் எத்தனை பிராசஸ் ஓடலாம் என்னும் ஸ்லாட்ஸ் எண்ணைக் குறிப்பிடுங்கள். கோப்புப் பகிர்வு வேலையும் தலைமைக் கணினியின் தலையில் இருப்பதால் அதற்கு 2 ஸ்லாட் மட்டும் கொடுத்து, மற்ற ஏழுக்கும் 4 கொடுப்போம், மொத்தம் 30. நம் 1,920 கிடைவரிசைகளை 30ஆல் வகுத்தால் ஒரு பிராசஸுக்குச் சரியாக 64 வரிசை வரும். எல்லாருக்கும் சமப் பங்கு கிடைப்பதால் யாரும் யாருக்காகவும் கணிப்பில் பின்தங்க மாட்டார்கள்.

சோதனையைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். முதலில் ஹோஸ்ட்நேம் என்ற சாதாரணக் கட்டளையையே எம்பிஐரன் வழியாக 30 பிராசஸில் இயக்குங்கள். எட்டுப் பெயர்களும் உரிய எண்ணிக்கையில் வந்தால், உள்நுழைவும் துவக்கமும் சரி. கட்டளை கிடைக்கவில்லை என்ற பிழை வந்தால் பேஷ்ஆர்சி கோப்பைத் திறந்து பாருங்கள். உபுண்டுவில் அதன் தொடக்கத்திலேயே, ஊடாடும் அமர்வு இல்லையென்றால் மேற்கொண்டு படிக்காமல் திரும்பிவிடும்படி சில வரிகள் இருக்கும். நீங்கள் பாதையை அதற்குக் கீழே எழுதியிருந்தால் எம்பிஐரனின் கண்ணில் அது படாது. அதை மேலே நகர்த்துங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பிராசஸும் தன் எண்ணைச் சொல்லி, எல்லா எண்களையும் கூட்டும் ஒரு சிறு நிரலை எம்பிஐ கம்பைலரான எம்பிஐசிசி கொண்டு கம்பைல் செய்து இயக்குங்கள். கூட்டுத்தொகை 435 வர வேண்டும். ஹோஸ்ட்நேம் ஓடி, இது மட்டும் அசையாமல் நின்றால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று ஃபயர்வால்: ஓப்பன் எம்பிஐ முன்கூட்டியே சொல்ல முடியாத போர்ட்களைத் திறப்பதால், நம் உள்வலை முழுவதையும் அனுமதிக்க வேண்டும். மற்றது மெய்நிகர் வலை: டாக்கர் அல்லது மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவிய கணினிகள் அனைத்திலும் ஒரே 172 அல்லது 192.168.122 முகவரி இருக்கும். எம்பிஐ அதையும் நம்பி அந்த வழியே செய்தியனுப்ப முயலும். பிடிஎல் டிசிபி இஃப் இன்க்லூட் என்ற ஓப்பன் எம்பிஐயின் அமைப்பு அளவுருவுக்கு (எம்சிஏ) 192.168.50.0/24 என்று கொடுத்தால், நம் ஸ்விட்ச் வழியை மட்டுமே பயன்படுத்தும்.

எல்லை வரிசைப் பரிமாற்றம்

நிரலில் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். ஒவ்வொரு பிராசஸும் தன் 64 வரிசைகளோடு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நிழல் வரிசைகளையும் நினைவகத்தில் வைத்திருக்கும். அண்டைப் பிராசஸின் எல்லை வரிசையின் நகல் அங்கே வந்து அமரும். தொடக்க நிலையில் பெரும்பாலோர் எழுதும் முறை இது: மேல் அண்டைக்கு எம்பிஐ செண்ட், கீழ் அண்டைக்கு எம்பிஐ செண்ட், பிறகு இருவரிடமிருந்தும் எம்பிஐ ரிசீவ். படிக்கும்போது குறையேதும் தெரியாது. ஆனால் பிராசஸ் 0 தன் வரிசையை 1க்கு அனுப்பும் அதே கணத்தில் 1 தன் வரிசையை 0க்கு அனுப்பிக்கொண்டிருக்கும். எதிராளி பெற்றுக்கொள்ளத் தொடங்கினால்தான் செண்ட் முடியும் என்றால், இருவரும் காலமெல்லாம் அங்கேயே நிற்பார்கள்.

நிற்காமல் ஓடுவதும் உண்டு, சிக்கலே அங்கேதான். சிறு செய்திகளை எம்பிஐ எதிராளியைக் கேட்காமலே அனுப்பி, அங்கே இடையகம் என்ற தற்காலிக நினைவகத்தில் போட்டுவிடும். ஓப்பன் எம்பிஐயில், கணினிகளுக்கு இடையே வலையில் செல்லும் டிசிபி வழிக்கு இதன் இயல்பு வரம்பு 65,536 பைட். கணினிக்கு ஒரு பிராசஸ் வைத்து நம் 23,200 பைட் வரிசையை அனுப்பும் நிரல் தடையின்றி ஓடும். ஆனால் ஒரே கணினிக்குள் பகிர்ந்த நினைவகம் வழியாகச் செல்லும் செய்திக்கு வரம்பு மிகச் சிறியது, பொதுவாக 4,096 பைட். எனவே அதே நிரலைக் கணினிக்கு நான்கு பிராசஸாக இயக்கியதும் உறைந்துவிடும். கட்ட இடைவெளியை 30 மீட்டரிலிருந்து 10 மீட்டராக நுணுக்கினாலோ, ஒரு வரிசை 69,600 பைட்டாகி டிசிபி வரம்பையும் தாண்டிவிடும். அதுவரை ஓடிய அமைப்பும் நின்றுவிடும். தரவு மாறியதால் வந்த கோளாறு என்று தேடத் தொடங்கினால் விடை கிடைக்காது. கோளாறு முதல் நாளிலிருந்தே நிரலில் இருக்கிறது.

இதைத் திருத்த, எம்பிஐ செண்ட்ரிசீவ் அழைப்பைப் பயன்படுத்துங்கள். மேலே அனுப்பிக் கீழிருந்து பெறுவது ஓர் அழைப்பு, கீழே அனுப்பி மேலிருந்து பெறுவது இன்னோர் அழைப்பு. முதல் பிராசஸுக்கும் கடைசிப் பிராசஸுக்கும் ஒரு பக்கம் அண்டை இல்லை. அங்கே எம்பிஐ பிராக் நல் என்ற மதிப்பைக் கொடுத்தால் தனி நிபந்தனை எழுத வேண்டியதில்லை. கொஞ்சம் பழகிய பிறகு, முடியும் வரை காத்திராமல் உடனே திரும்பிவிடும் ஐசெண்ட், ஐரிசீவ் அழைப்புகளுக்கு மாறலாம். எல்லை வரிசைகளைப் பயணப்படுத்திவிட்டு, அவை வந்துசேரும் வரை அண்டையைச் சாராத 62 உள் வரிசைகளைக் கணித்து, பிறகு வெயிட்ஆல் அழைத்து எல்லை வரிசைகளை முடிக்கலாம். எந்த நிரலிலும் மறைந்த உறைவு இருக்கிறதா என்று அறிய, சோதனைக்காக எல்லாச் செண்ட்களையும் எஸ்செண்ட் என்று மாற்றி இயக்கிப் பாருங்கள். அது இடையகத்தை நம்பாமல் எப்போதும் எதிராளிக்காகக் காத்திருக்கும் என்பதால், குறை இருந்தால் சிறு தரவிலேயே வெளிப்பட்டுவிடும்.

காலப் படியின் நீளத்தை முடிவு செய்ய, மாவட்டம் முழுவதிலும் நீரோட்டத்தின் உச்ச வேகம் தேவை. அதற்கு, எல்லாப் பிராசஸ்களின் மதிப்புகளையும் திரட்டி விடையை எல்லாவற்றுக்கும் தரும் ஆல்ரெட்யூஸ் அழைப்பு. உச்சத்தைக் கண்டறிவதில் எப்போதும் ஒரே விடை வரும். மொத்த நீரின் அளவைக் கூட்டும்போது மட்டும், பிராசஸ் எண்ணிக்கையை மாற்றினால் கடைசி இலக்கங்கள் சற்று மாறும். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறுவதே காரணம், அது பிழையன்று.

வேகத்தை அளத்தல்

ஒரு பிராசஸ், நான்கு, எட்டு, 30 என்று ஏற்றிக்கொண்டே நேரத்தைக் குறியுங்கள். நிரலில் 5 விழுக்காடு மட்டும் பகிர முடியாத தொடர்வேலையாக இருந்தாலும், ஆம்டாலின் விதிப்படி 8 பிராசஸில் 5.9 மடங்கும் 30இல் 12 மடங்கும்தான் வேகம் கிடைக்கும். எத்தனை கணினி சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. தொடர்வேலை பெரும்பாலும் கோப்பைப் படிப்பதிலும் எழுதுவதிலும் ஒளிந்திருக்கும்.

எதிர்பார்த்ததைவிட மெதுவாக இருந்தால் பிராசஸ்கள் அமர்ந்திருக்கும் வரிசையைப் பாருங்கள். அடுத்தடுத்த எண்கள் ஒரே கணினியில் இருந்தால், நான்கு பிராசஸ் கொண்ட கணினியிலிருந்து இரண்டு எல்லைகள் மட்டுமே கேபிளில் ஏறும். மேப்-பை நோட் என்று கொடுத்துச் சீட்டுப் போல் ஒவ்வொரு கணினிக்கும் ஒன்றாகப் பகிர்ந்தால், அண்டைகள் எல்லாம் வேறு கணினியில் போய் அமர்வதால் எட்டு எல்லைகள் ஏறும். இந்தக் கணக்குக்கு அது கேடு. பைதானில் எம்பிஐ4பை கொண்டு எழுதுவோர், ஓஎம்பி நம் த்ரெட்ஸ் என்ற சூழல் மாறியை 1 என்று வைக்க வேண்டும். இல்லையேல் நம்பை ஒவ்வொரு பிராசஸிலும் நான்கு இழைகளைத் திறந்து, நான்கு கோர்களுக்கு 16 பேர் போட்டியிடும் நிலை வரக்கூடும்.

மழைக்காலத்தில் இயக்குதல்

தென்மேற்குப் பருவக்காற்றில் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. எம்பிஐயில் ஒரு பிராசஸ் இறந்தாலும் இயல்பாக முழு வேலையும் முடிவுக்கு வந்துவிடும். ஆகவே நிரல் தன் நிலையை அவ்வப்போது வட்டில் எழுதி வைக்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதற்கு 1974இல் ஜான் யங் தந்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: ஒருமுறை எழுத ஆகும் நேரத்தையும், இரண்டு தடங்கல்களுக்கு இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் காண வேண்டும். எழுத 10 விநாடி ஆகிறது, சராசரியாக 10 மணி நேரத்துக்கு ஒருமுறை மின்சாரம் போகிறது என்றால், விடை ஏறத்தாழ 850 விநாடி, அதாவது 14 நிமிடம்.

எழுதும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால் பழையதும் போய்விடும், புதியதும் வராது. தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி, எஃப்சிங்க் அழைத்து வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, அதன் பிறகே உரிய பெயருக்கு மாற்றுங்கள். தலைமைக் கணினிக்கு மட்டும் யூபிஎஸ் போதும் என்றது இதனால்தான்: துணைக் கணினிகள் இருட்டில் நின்றாலும், கடைசி நிலை தலைமையின் வட்டில் பத்திரமாக இருக்கும்.

மின்சாரம் போன பிறகு எம்பிஐரன் சில வேளைகளில் துணைக் கணினிகள் மறைந்ததை அறியாமல் காத்துக்கொண்டே இருக்கும். அதைக் கையால் நிறுத்திவிட்டு, யூபிஎஸ் பேட்டரி தீரும் முன்பு தலைமைக் கணினியையும் முறையாக அணைக்க வேண்டும். நட் என்ற மென்பொருளை நிறுவி யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வழியே இணைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். மின்சாரம் இருக்கும்போது நாமாக நிறுத்துவதென்றால், முதலில் குந்தா2 முதல் 8 வரை, கடைசியில் தொட்டபெட்டா. வரிசையை மாற்றித் தலைமையை முதலில் அணைத்தால், மற்ற ஏழும் காணாமல்போன ஹோம் கோப்புறையைத் தேடிக்கொண்டு அணையாமல் நிற்கும். மீண்டும் இயக்கும்போது தலைமை முதலில். ஏழிலும் ஹோம் கோப்புறை இணைந்துவிட்டதையும் தேதி சரியாக இருப்பதையும் ஈத்டூல் 1000 காட்டுவதையும் பார்த்துவிட்டு, கடைசியாக எழுதிய நிலையிலிருந்து வேலையைத் தொடரலாம்.